நான்காவது நிபந்தனை

இருபது ஆண்டுகளாக யாரும் கேட்காத கேள்வியை, கிராக்கோவிலிருந்து ஒருவர் தொலைபேசியில், அதுவும் மிகுந்த மரியாதையோடு, ஸ்மராந்தா ஒப்ரிஷானிடம் கேட்டார்.

"உங்க வேலை ரொம்ப அழகா இருக்கு மேடம். குறை சொல்ல ஒண்ணுமே இல்ல. ஒரே ஒரு விண்ணப்பம். எங்கயாவது ஓர் உதாரணம் சேர்த்தீங்கன்னா படிக்கிறவங்களுக்கு உதவியா இருக்கும்."

"உதாரணமா?"

"சின்னதாப் போதும்."

அவர் பெயர் வ்ரோனா. ஸ்மராந்தாவுக்குப் பேராசிரியர் பதவி கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் குழுவில் வெளிநாட்டு உறுப்பினர். குழுவில் வெளிநாட்டவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லப்படவில்லை. இவர் படித்துவிட்டிருந்தார்.

ஸ்மராந்தா வேலை பார்க்கும் கணிதப் பகுப்பாய்வு நிறுவனம் திமிஷ்வாரா நகரத்தில், பேகா ஆற்றை ஒட்டி ட்ராம் வளையும் இடத்தில் இருக்கிறது. வாசலில் 'பெர்ஷினாரு நிறுவனம்' என்று பலகை. உயிரோடிருப்பவர் பெயரை நிறுவனங்களுக்கு வைக்கக் கூடாது என்றொரு சட்டம் இருப்பதால், எந்தப் பெர்ஷினாரு என்று பலகையில் எழுதவில்லை. இயக்குநர் ஒக்தாவியன் பெர்ஷினாரு தினமும் காலையில் அதன் கீழே நடந்து உள்ளே வருவார். நிமிர்ந்து பார்ப்பதில்லை. அடக்கமானவர்.

அங்கே ஆராய்வது செயலிகளை. கைபேசியில் இருப்பவற்றை அல்ல. ஒன்றை உள்ளே வாங்கி வேறொன்றாக்கி வெளியே விடுவதற்குக் கணிதத்தில் அந்தப் பெயர். சில நீட்டும், சில சுருக்கும், சில திருப்பிப் போடும். பூஜ்ஜியச் செயலி என்றும் ஒன்று உண்டு. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பூஜ்ஜியத்தைத் திருப்பித் தரும். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் யாரும் அதை ஆராய்வதில்லை.

இளைஞராக இருந்தபோது பெர்ஷினாரு ஒரு நிபந்தனை வகுத்தார். அதற்கு உட்பட்ட செயலிகளுக்குப் பெர்ஷினாரு செயலிகள் என்று பெயர் வந்தது. அவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்த ஸெனோவியா பல்தியானு, இப்போதைய துணை இயக்குநர், இரண்டாவது நிபந்தனையைச் சேர்த்துப் பட்டம் வாங்கினார். மூன்றாவதைச் சேர்த்தவன் ஸபின் கர்லான். ஸ்மராந்தாவோடு ஒரே அறையில் உட்காருபவன். நான்காவது நிபந்தனை ஸ்மராந்தாவுடையது. அந்த நிறுவனத்தில் பட்டம் வாங்குவதென்றால் நிபந்தனை சேர்ப்பது என்று பொருள். நிபந்தனை கூடக் கூடத் தேற்றங்கள் அழகாகிக்கொண்டே போயின. ஆட்கள் குறையக் குறைய வீடு சுத்தமாக இருப்பதைப் போல.

வ்ரோனா தொலைபேசியை வைத்த பிறகு, உதாரணம்தானே என்று ஒரு தாளை எடுத்தாள். முதல் செயலி மூன்றாவது நிபந்தனையில் விழுந்தது. அடுத்தது நான்காவதில். அதற்கடுத்தது இரண்டாவதில் தடுக்கி நான்காவதில் விழுந்தது. பிடிவாதமான குழந்தைகள் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் பால்கனியில் கத்தரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்துக்கு ஜாடி ஜாடியாய் மசியல் போட்டு வைக்கும் பருவம். மேலே கீழே எல்லாப் பால்கனிகளிலும் அதே புகை. கணவன் திபேரியு மிளகாய்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு கூடைக் காய் தணலில் வெந்து, தோல் உரிந்து, நீர் வடிந்து ஒரு கிண்ணத்தின் அடியில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தபடி நின்றபோது ஸ்மராந்தாவுக்கு விளங்கியது. முதல் மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து கேட்பது இது: இந்தச் செயலியை எத்தனை முறை திரும்பத் திரும்பச் செலுத்தினாலும் அதன் வலு தேயக் கூடாது. அவளுடைய நான்காவது கேட்பது இது: தேய்ந்தே ஆக வேண்டும். இரண்டையும் நிறைவேற்றக்கூடியது உலகத்தில் ஒன்றுதான்.

வெட்கம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மனத்துக்குள் எழுதிப் பார்த்த நிறுவல் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. அவள் இதுவரை செய்ததிலேயே சுத்தமான வேலை அதுதான். தனக்குக் கணிதம் வருகிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

"என்ன, காந்திருச்சா?" என்றான் திபேரியு.

"இல்ல. என் செயலிங்க ஒண்ணும் இல்ல."

"எங்க வெச்ச?"

"எங்கயும் வெக்கல. இருந்ததே இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"பூஜ்ஜியம் மட்டும் இருக்கு."

"அப்ப ஒண்ணு இருக்கே." மிளகாயை எடுத்து ஊதினான். "யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. பேராசிரியர் ஆனப்புறம் சொல்லிக்கலாம்."

"ஆனப்புறம் சொன்னா?"

"ஆனப்புறம் எதுக்குச் சொல்லப் போற?"

திங்கட்கிழமை ஸபினிடம் அரைப் பக்கத்தைக் காட்டினாள். அவன் பாதி வரை படித்துவிட்டு உப்பு ரொட்டி வளையத்தைக் கடித்தான்.

"தெரியும்," என்றான்.

"எப்பலேர்ந்து?"

"உன் நிபந்தனை வந்த வாரத்துலேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"நீ ரொம்பச் சந்தோஷமா இருந்த. எல்லாருக்கும் கேக் வாங்கிட்டு வந்திருந்த. கேக்கைத் தின்னுட்டு எப்படிச் சொல்றது?"

"அதுக்கப்புறமும் நீ அதுலயே கட்டுரை எழுதிக்கிட்டு இருந்தியே."

"எழுதினேன். ஒண்ணுலயாவது தப்பு காட்டு பாப்போம். எனக்குச் சித்தப்பாவே கிடையாது ஸ்மரா. அதனால எங்க சித்தப்பாங்க எல்லாரும் கோடீஸ்வரங்க, எல்லாருக்கும் நீலக் கண்ணு, எல்லாரும் நல்லாப் பாடுவாங்க. பொய்யின்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. நம்ம தேற்றம் எல்லாமே சித்தப்பா தேற்றம்தான்."

அரைப் பக்கத்தோடு போன அவளை இயக்குநர் உட்கார வைத்து, வீட்டிலிருந்து வந்த ரோஜா இதழ் ஜாமைச் சின்னத் தட்டில் ஒரு கரண்டியும், பக்கத்தில் ஒரு தம்ளர் குளிர்ந்த நீருமாகக் கொடுத்தார். எண்பதாவது பிறந்தநாள் விழா நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த விழாவில்தான் பேராசிரியர் பதவி யாருக்கு என்று அறிவிக்கப் போகிறார்கள். ஸ்மராந்தாவுக்குத்தான் என்பது பணியாட்கள் வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"நிறுவல்கள்ல தப்பு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"தேற்றங்கள் எல்லாம் உண்மையா?"

"உண்மைதான் சார். ஆனா அதெல்லாம் ஒண்ணுமே இல்லாத ஒண்ணைப் பத்தி."

"நம்ம ஆண்டறிக்கையும் உண்மைதான்," என்றார். பிறகு ஜாம் கரண்டியைத் தட்டில் வைத்தார். "உதாரணம் கேக்கறது அநாகரிகம்னு கத்துக்கிட்ட தலைமுறை நாங்க. அப்பல்லாம் தலைநகர் புக்கரெஸ்ட்லேர்ந்து ஒருத்தன் வருவான். 'தோழர் பெர்ஷினாரு, இதனால ட்ராக்டருக்கு என்ன லாபம், ஓர் உதாரணம் சொல்லுங்க'ம்பான். உதாரணம் சொன்னவன் எல்லாம் ட்ராக்டர் பக்கமே போய்ச் சேர்ந்தான். நான் சொல்லல. ஆட்சி மாறிச்சு. புதுசா வந்தவன், சந்தைக்கு என்ன லாபம், ஓர் உதாரணம் சொல்லுங்கன்னான். அவன்கிட்டயும் சொல்லல. ரெண்டு ஆட்சியாலயும் இந்தத் துறையைத் தொட முடியல. ஏன் தெரியுமா? தொடறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

ஸ்மராந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். இவருக்கும் தெரியுமோ என்று நினைத்தாள். தெரிந்திருந்தால் எவ்வளவு பெரிய தனிமை அது என்று தோன்றிய அதே கணத்தில், அந்தத் தனிமைக்கு ஒரு காரும் ஓட்டுநரும் உண்டு என்பதும் நினைவுக்கு வந்தது.

"தண்ணி குடிங்க," என்றார். "ஜாம் தொண்டையில நிக்கும். விஷயத்தை ஸெனோவியாகிட்ட சொல்லிடறேன். அவங்க கல்விக் குழுவுல வெச்சிருவாங்க."

வைத்தார்கள். கல்விக் குழு புதன்கிழமை கூடியது. ஸெனோவியா தலைமை. அறையில் ஏற்கெனவே ஒரு மாதிரித் துக்க வீட்டு மரியாதை நிலவியது. ஸ்மராந்தா அரைப் பக்கத்தைப் படித்தாள். அது தவறு என்று யாரும் சொல்லவில்லை. சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

"இதுக்கு மருந்து இருக்கு," என்றாள் அவள். "நாலு நிபந்தனையில எதாவது ஒண்ணை எடுத்துட்டாப் போதும். எதை எடுத்தாலும் சரி. செயலிங்க தன்னால வந்துரும்."

"எதை எடுக்கச் சொல்றம்மா?" என்றார் ஸெனோவியா. "முதலாவதை எடுத்தா வாசல் பலகையையும் எடுக்கணும். இரண்டாவது என்னோடது. எடுத்தா நான் இந்த நாற்காலியில உக்காந்து அதை எடுக்கச் சொல்ல முடியாது. ஸபின், உன்னோடது?"

"எனக்கு ஆட்சேபணை இல்ல," என்றான் ஸபின். "என் மனைவிக்கு இருக்கும்."

"என்னோடதை எடுத்துருங்க," என்றாள் ஸ்மராந்தா.

சொன்ன பிறகுதான் அது என்ன என்று அவளுக்கே புரிந்தது. இளமையில் அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்த நாள், கேக் வாங்கிக்கொண்டு ட்ராமில் நின்றபடி வந்தது, எல்லாம் ஒரு நொடி கண்ணில் வந்தது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை. பல் பிடுங்கிய இடத்தை நாக்கு தேடுவதுபோல மனம் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தது. வலி இல்லை.

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். நிபந்தனை போனால், அதற்காக அளித்த முனைவர் பட்டமும் போகும். பட்டம் இல்லாதவர் இக்குழுவில் உறுப்பினராக இருக்க முடியாது. உறுப்பினரல்லாதவர் கொண்டுவந்த தீர்மானம் செல்லாது. தீர்மானம் செல்லாவிட்டால் நிபந்தனை போகாது. ஆகவே பட்டமும் போகாது. "இது நல்ல செய்திதான் மேடம்," என்றார்.

"அது மட்டுமில்ல," என்றார் ஸெனோவியா. "இத்தனை வருஷமா நீ போட்ட பரீட்சை மார்க் எல்லாம் என்ன ஆகும்? என் மருமகன் உன்கிட்டதான் பாஸ் பண்ணினான். இப்ப அவன் பாலம் கட்டறான். அந்தப் பாலத்து மேல ஜனங்க போய்க்கிட்டு இருக்காங்க ஸ்மராந்தா. அவங்களை நினைச்சுப் பாத்தியா?"

"நான் உண்மையைத்தான்..."

"புரியுதும்மா. எனக்கும் மனசாட்சி உண்டு. ஆனா அது தனிப்பட்ட விஷயம். எங்க வீட்டு நாய் மேலயும் எனக்கு உயிர்தான். அதை நான் ஆபீசுக்குக் கூட்டிட்டு வரேனா?"

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. பெர்ஷினாரு செயலிகள் இருக்கின்றன என்று குழு பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. ஒருவர் வாக்களிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கண்ணியமாக நடுநிலை என்று குறித்துக்கொண்டார்கள். அந்த நிமிடத்திலிருந்து, நிறுவனத்தைப் பொறுத்தவரை, அவை இருந்தன.

ஆனால் கிராக்கோக்காரர் விழாவுக்கு வருகிறாரே என்று யாரோ நினைவூட்டினார். அப்போது ஸபின் பேசினான். சோம்பலாக, ஜன்னலைப் பார்த்தபடி.

"இதைப் போய் எதுக்குக் கெட்ட செய்தியா வெச்சுக்கிட்டு இருக்கோம்? உலகத்துல எந்தத் துறை வேணும்னாலும் எடுத்துக்கோங்க, அவங்க கனவு என்ன? தங்கிட்ட இருக்கற பொருள் எல்லாத்தையும் ஒண்ணு விடாம வகைப்படுத்திடணும். யாருக்காவது முடிஞ்சிருக்கா? நமக்கு முடிஞ்சிருச்சு. ஸ்மரா முடிச்சிருக்கா. பெர்ஷினாரு செயலிகளின் முழுமையான வகைப்பாடு. ஒண்ணு கூட மிச்சமில்ல."

ஸெனோவியா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது. நாட்டிலேயே முதல் தடவை என்றார் ஒருவர். இந்தப் பனாத்துப் பகுதிக்காரர்கள் எப்போதும் முதல்தானே என்றார் இன்னொருவர். ஸ்மராந்தா அதையே விழாவில் முதல் உரையாகப் படிப்பது, முடிவில் பதவியை அறிவிப்பது என்று ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு திருத்தம் மட்டும். 'பூஜ்ஜியம்' என்ற சொல் விழாவுக்குப் பொருந்தாது. அதற்குப் பதிலாகத் 'தனிச்சிறப்பு வாய்ந்த ஓர் உறுப்பு' என்று சொல்ல வேண்டும்.

"பொய் இல்லையே அது?" என்றார் ஸெனோவியா.

"பொய் இல்ல," என்றாள் ஸ்மராந்தா. பொய் இல்லைதான்.

அடுத்த வாரங்களில் பேகா கரையோரம் வீட்டுக்கு நடந்து போகும்போதெல்லாம் அந்தத் தொடரைச் சொல்லிப் பார்த்தாள். தனிச்சிறப்பு வாய்ந்த ஓர் உறுப்பு. முதலில் நாக்கு ஒட்டியது. பிறகு வழுக்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் அதைச் சொல்லிவிட்டு, குரல் நன்றாக இருக்கிறதே என்று நினைத்தாள். பேராசிரியர் குரல். அப்படி நினைத்ததைக் கவனித்ததும் பாலத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸபினோ ஸெனோவியாவோ தன்னைக் கெடுக்கவில்லை. தன்னால் இது முடிகிறது, சிரமமில்லாமல் முடிகிறது என்பதுதான் விஷயம். அந்த அரைப் பக்கம் தன்னுடையதென்றால் அதன் கடைசிச் சொல்லான பூஜ்ஜியமும் தன்னுடையதுதான். அதை விட்டுக் கொடுத்தால் பதவி. கொடுக்காவிட்டால் அரைப் பக்கம். பதவி வந்தால் தனி அறை வரும், அறையில் ஜன்னல் வரும். ஜன்னலை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கும்.

விழா நாளில் எல்லாரும் பூங்கொத்தோடு வந்தார்கள். வாசலிலேயே நின்று ஸெனோவியா ஒவ்வொரு கொத்தையும் எண்ணினார். பூக்கள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். இரட்டைப்படை இறந்தவர்களுக்கு உரியது. க்ரயோவா நகரத்து நிறுவனத்திலிருந்து வந்த கொத்தில் ஒன்று கூடுதலாக இருந்தது. சத்தமில்லாமல் உருவி எடுத்துவிட்டார். அந்தக் கட்டடத்தில் அன்று கணக்கு நிஜமாகச் சரிபார்க்கப்பட்ட ஒரே இடம் அந்த வாசல்.

பெர்ஷினாரு முன்வரிசையில், மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேயரின் பிரதிநிதி பேசினார். கணிதம் தனக்குப் பள்ளியில் வராது என்றும் அதனால்தான் அதை மிகவும் மதிப்பதாகவும் சொன்னார். அமைச்சகத்திலிருந்து வந்தவர், இந்த நிறுவனம் குறித்து இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை என்றார். "இருக்கிற பொருளை ஆராயும் நிறுவனங்கள்ல செலவு, தகராறு, விபத்து எல்லாம் உண்டு. இங்க எதுவும் கிடையாது. இது மற்றவங்களுக்கு ஒரு பாடம்."

ஸ்மராந்தா கரும்பலகைக்குப் போனாள். நான்கு நிபந்தனைகளையும் எழுதினாள். கீழே நிறுவலை எழுதினாள். அரைப் பக்கம் கரும்பலகையில் இன்னும் சின்னதாகத் தெரிந்தது. "ஆகவே எல்லாப் பெர்ஷினாரு செயலிகளும் முழுமையாக வகைப்படுத்தப்பட்டுவிட்டன," என்று சொல்லி நிறுத்தினாள். கைதட்டல் நீண்டது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கேள்விகள் உண்டா என்று ஸெனோவியா வழக்கப்படி கேட்டார், வழக்கப்படி உடனே பூங்கொத்தை நோக்கித் திரும்பினார்.

வ்ரோனா கை தூக்கியிருந்தார். ஒல்லியான மனிதர். மன்னிப்புக் கேட்பவரைப் போல எழுந்தார்.

"ரொம்ப நன்றி மேடம். நான்தான் கடைசியில கவனிக்காம விட்டுட்டேன் போல. அந்த வகைப்பாட்டுல என்னென்ன இருக்கு?"

"தனிச்சிறப்பு வாய்ந்த ஓர் உறுப்பு இருக்கு," என்று ஸெனோவியா உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"அது எதுன்னு மேடம் சொல்லலாமா?"

ஸ்மராந்தா முன்வரிசையைப் பார்த்தாள். பெர்ஷினாரு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸபின் ஜன்னலைப் பார்த்தான். ஸெனோவியா மட்டும் அவளைப் பார்த்து, ஒரு குழந்தையைத் தூண்டுவதுபோல, தலையை மெல்ல ஆட்டினார்.

"பூஜ்ஜியம்," என்றாள்.

"பூஜ்ஜியமும் அப்புறம்?"

"அப்புறம் எதுவும் இல்ல. இருந்ததும் இல்ல."

அரங்கில் யாரோ பூங்கொத்தின் தாளைச் சரசரவென்று கசக்கி நிறுத்தினார்கள். பெர்ஷினாரு நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். அவர் எழுந்ததும் அரங்கமே எழுந்தது. கரும்பலகையை நீண்ட நேரம் படித்தார். உதடு அசைந்தது. கடைசி வரி வரை வந்துவிட்டார் என்று ஸ்மராந்தாவுக்குத் தெரிந்தது.

"காபி இடைவேளை," என்றார்.

காபி மேசையருகே பலர் அவளிடம் வந்தார்கள். ஒருவர் ஒருவராக, பக்கத்தில் யாரும் இல்லாதபோது. உங்களுக்குத் தைரியம்தான் என்றார்கள். க்ரயோவாக்காரர் அவள் காதருகில் குனிந்து, "எங்க இடத்துல அஞ்சு நிபந்தனை," என்று சொல்லிவிட்டுக் கேக் தட்டை நோக்கிப் போய்விட்டார். காபி தீர்வதற்குள் தேர்வுக் குழு பக்கத்து அறையில் கூடிக் கலைந்துவிட்டது.

"ஏம்மா ஸ்மராந்தா," என்றார் ஸெனோவியா. குரலில் கோபமே இல்லை. "பேராசிரியர்னா எதைப் பத்தின பேராசிரியர்னு எழுதணும். உன் ஆராய்ச்சி எதைப் பத்தினதும் இல்லன்னு நீயே இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்ட. நாங்க என்னத்தை எழுதறது? வ்ரோனா மட்டும் உனக்குத்தான் கொடுக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். வெளிநாட்டு உறுப்பினர் இருக்கணும்னுதான் விதி. அவர் சொல்றதைக் கேக்கணும்னு இல்லையே."

"அப்ப யாருக்கு?"

"வகைப்பாடுங்கற யோசனை ஸபினோடது இல்லையா."

ஸபின் இரண்டு காபிக் கோப்பைகளோடு வந்தான். ஒன்றை நீட்டினான். "கோவமா?"

"இல்ல."

"என்னைத் திட்டு. நல்லா இருக்கும்."

"உன்னை என்னன்னு திட்டறது ஸபின்? நீ எதுவுமே செய்யலையே."

அவன் சிரிக்கப் பார்த்தான். பிறகு யாரோ 'புரொபசர்' என்று கூப்பிட, திரும்பினான். எவ்வளவு சீக்கிரம் திரும்பினான் என்பதை அவனே கவனித்திருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்குப் போனார்கள். கோஸ் இலையில் சுற்றி வேகவைத்த இறைச்சியின் மணம் மாடிப்படி வரை வந்தது. ஸ்மராந்தா கோட்டை எடுக்க அரங்கத்துக்குத் திரும்பினாள். கரும்பலகை அப்படியே இருந்தது. ஒன்றுக்கொன்று குழிபறித்தபடி நான்கு நிபந்தனைகளும் வரிசையாக, நேர்த்தியான கையெழுத்தில் நின்றன.

நான்காவதை உள்ளங்கையால் அழித்தாள். குழுவைக் கேட்கவில்லை. அந்த இடத்தில் வெள்ளைப் புகைபோல ஒரு தடம் மட்டும் மிஞ்சியது. இருபது ஆண்டு வேலை; துடைக்க ஒரு வீச்சு போதுமாக இருந்தது. கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் ஒரு செயலியை எழுதினாள். முதல் எண்ணை அப்படியே விடும். இரண்டாவதைப் பாதியாக்கும். மூன்றாவதை மூன்றில் ஒரு பங்காக்கும். அப்படியே போகும். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செயலி. அதைப் பற்றிப் புதிதாக ஒரு வரிகூட எழுத முடியாது. எழுதினாலும் எந்தப் பத்திரிகையும் வாங்காது, எந்தக் குழுவும் அதற்கு மதிப்பெண் போடாது.

முதல் நிபந்தனையைச் சரிபார்த்தாள். பொருந்தியது. இரண்டாவது பொருந்தியது. மூன்றாவதில் கொஞ்சம் பயந்தாள். அதுவும் பொருந்தியது. கீழே இருந்து நாற்காலிகள் நகரும் சத்தமும் யாரோ பாட ஆரம்பிப்பதும் கேட்டது. பழக்கதோஷத்தால், அது பூஜ்ஜியம்தானோ என்று மறுபடி ஒரு தடவை பார்த்தாள்.

ஒன்று. அரை. மூன்றில் ஒன்று. கால்.

இல்லை. அது இருந்தது.